திரும்பு, திருப்பு, திரி: திருமுல்கேரி நாற்சந்தியில் ஓர் ஆங்கில வினைச்சொல்

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில், கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரி சாலையில் இருக்கிறது திருமுல்கேரி நாற்சந்தி. ஆட்டோக்காரருக்கு அங்கே வழி சொல்பவர்களின் பேச்சைச் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டால் ஒரு சின்ன மொழியியல் வகுப்பே நடந்துவிடும். தெலுங்குக்காரர் ‘லெஃப்ட் திரகண்டி’ என்பார். தக்கினி உருது பேசுபவர் ‘லெஃப்ட் லேலோ’ என்பார். வந்த வழியே போக வேண்டுமென்றால் ‘காடி குமாவ்’ என்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் வீட்டு அம்மா, பக்கத்தில் இருக்கும் மகனிடம் ‘லெஃப்ட்ல திருப்பச் சொல்லுடா’ என்பார். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டு. சாலைப் பலகையிலும் ஓட்டுநர் வாயிலும் பள்ளிப் புத்தகத்திலும் நடமாடும் அந்தச் சொல் ‘டர்ன்’.

‘டர்ன்’ என்றால் திரும்பு என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அந்தச் சமன்பாடு அரைகுறையானது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. அந்த ஆங்கில வினையின் பரப்பைத் தமிழ் பத்துப் பதினைந்து வினைகளாகப் பகுத்து வைத்திருக்கிறது. அந்தப் பகுப்பு வீண் பெருக்கமும் அல்ல. சுற்றுவது எது, எதைச் சுற்றுகிறது, சுற்றவைத்தவர் யார், புறப்பட்ட இடத்துக்கு வந்து சேருமா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொரு வினையும் விடை சொல்கிறது. ‘டர்ன்’ என்று கண்ட இடமெல்லாம் ‘திரும்பு’ என்று எழுதினால் அந்த விடைகள் உதிர்ந்துவிடும்.

பெயரிலேயே ஒரு திரிபு

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்கலாம். தெலுங்கில் இந்த ஊர் திருமலகிரி. 1798-இல் நிஜாமுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட படை உடன்படிக்கைக்குப் பின், உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கம்பெனிப் படை முகாமிட்டது. 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அந்தப் பகுதி செகந்திராபாத் ஆனது. முகாம் வடக்கு நோக்கி வளர்ந்து திருமலகிரியைத் தொட்டபோது, ஆங்கிலேய எழுத்தர் கையில் அந்தப் பெயர் வேறு உருவம் பெற்றது. நீலகிரியையும் கிருஷ்ணகிரியையும் ‘கெரி’ என்று முடித்து எழுதிய அதே கை, திருமலகிரியையும் ‘ட்ரிமுல்கெரி’ ஆக்கியது. நீலகிரியும் கிருஷ்ணகிரியும் நம் வாயில் புழங்கிய ஊர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் நம்மை அசைக்கவில்லை. திருமலகிரியோ தமிழுக்கு ஆங்கில எழுத்தின் வழியாக வந்தது. அதனால்தான் தமிழில் அது ‘திருமுல்கேரி’ என்று நின்றுவிட்டது.

இப்படி உரு மாறுவதற்குத் தமிழ் இலக்கணம் வைத்திருக்கும் பெயர் ‘திரிதல்’. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கிறது. நன்னூல் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகச் சொல்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ என்பது ‘ற்’ ஆகத் திரிகிறது. சக்கரத்தின் அசைவைச் சொன்ன வினையே எழுத்தின் மாற்றத்தையும் சொல்கிறது. தன் நிலையிலிருந்து விலகும் எதுவும் தமிழுக்குத் திரிதல்தான்.

அடுப்படியிலும் அதே வினை உண்டு. காய்ச்சாமல் வைத்த பால் கெட்டுப்போனால் ‘பால் திரிஞ்சுபோச்சு’ என்கிறோம். ஆங்கிலக்காரரும் அதற்கு ‘டர்ன்’ வினையைத்தான் பயன்படுத்துகிறார். நாற்சந்தியின் மற்ற இரண்டு மொழிகளும் வேறு விதமாகப் பார்க்கின்றன. தெலுங்கில் பால் ‘விரிகிபோயாயி’, அதாவது உடைந்துவிட்டது. உருதில் ‘ஃபட் கயா’, அதாவது கிழிந்துவிட்டது. ஒரே பாத்திரத்துப் பாலை ஒரு வீட்டில் உடைத்தும், ஒரு வீட்டில் கிழித்தும், ஒரு வீட்டில் திரித்தும் பார்க்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் ஒன்றுபடும் இத்தகைய இடங்கள் குறைவு.

கடைசல் பட்டறையில் பிறந்த சொல்

‘டர்ன்’ எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ‘டோர்னோஸ்’ என்பது வட்டம் வரையவும் மரம் கடையவும் பயன்பட்ட கருவி. லத்தீன் அதை ‘டோர்னுஸ்’ என்று எடுத்துக்கொண்டு, ‘கடைசல் பிடி’ என்ற பொருளில் ‘டோர்னாரே’ என்ற வினையை ஆக்கியது. பழைய ஆங்கிலம் அதை ‘டுர்னியன்’ என்று ஏற்றது. பின்னர் பிரெஞ்சு வழியாக இன்னொரு முறையும் அதே சொல் வந்து சேர்ந்தது. ஆக, ஆங்கிலத்தின் பொது வினையாகிவிட்ட இந்தச் சொல்லின் அடியில் ஒரு தச்சர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் உளி, எதிரே சுழலும் மரத்துண்டு.

அந்தத் தச்சரை நமக்கும் தெரியும். தமிழில் அவர் வேலை ‘கடைசல்’. கட்டில் கால், தொட்டில் கம்பி, பம்பரம், சொப்புச் சாமான் எல்லாம் கடைந்து எடுப்பவை. அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச்சொப்புகளோடு விளையாடாத பிள்ளை தென்பாண்டி நாட்டில் ஒரு காலத்தில் அரிது. மோர் கடைவதற்கும் கீரை கடைவதற்கும் உள்ள அதே ‘கடை’ வினைதான் மரத்துக்கும் வருகிறது. தயிரும் மரமும் ஒரே வினைக்குள் எப்படி வந்தன?

மத்தைப் பாருங்கள். அதன் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனையையும் இரு கையில் பிடித்து, மாறி மாறி இழுக்கிறோம். மத்து ஒரு புறம் சுழன்று, நின்று, மறுபுறம் சுழல்கிறது. மின்மோட்டார் வருமுன் கடைசல் பட்டறையும் இப்படித்தான் இயங்கியது. மரத்துண்டைத் தாங்கும் தண்டில் கயிற்றையோ தோல்வாரையோ சுற்றி, ஒருவர் இரு முனையையும் மாறி மாறி இழுப்பார். மரம் தன் பக்கமாகச் சுழலும்போது மட்டும் கடைசல்காரர் உளியை வைப்பார். கையின் வேலையும் கயிற்றின் வேலையும் ஒன்றாக இருந்ததால் சொல்லும் ஒன்றாக இருந்தது. கருவியைத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் இது.

இரு மொழியும் இந்தப் பட்டறையிலிருந்து ஒரே அழகுணர்ச்சியையும் எடுத்துக்கொண்டன. நன்கு அமைந்த வாக்கியத்தை ஆங்கிலம் ‘வெல் டர்ன்ட்’ என்று பாராட்டும். தமிழ் ‘கடைந்தெடுத்தாற்போல’ என்று சொல்லும். ஆனால் தமிழ் அதே சொல்லைப் பழிக்கவும் வைத்துக்கொண்டது. ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்றால் வேறு கலப்பே இல்லாத அயோக்கியன் என்று பொருள். தயிரைக் கடைந்து வெண்ணெயைத் தனியே எடுப்பது அங்கே நினைவில் நிற்கிறது.

இந்தக் கிரேக்கக் கருவியின் பிள்ளைகள் நம் அன்றாடப் பேச்சில் ஏராளம். பள்ளிப் பிள்ளைகள் போகும் ‘டூர்’, கபடி ‘டோர்னமென்ட்’, வருமான வரி ‘ரிட்டர்ன்’, பவர் கொடுக்கும் ‘அட்டர்னி’ ஆகிய எல்லாம் அந்த ஒரே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘டர்னர்’ என்று ஒரு பிரிவு இன்றும் உண்டு. வேரின் பொருளை மாற்றாமல் காப்பாற்றி வரும் சொல் அது. செகந்திராபாத்துக்கு இது அந்நியமான தொழில் அல்ல. லாலாகுடாவில் நிஜாம் காலத்து ரயில் பெட்டிப் பட்டறை இருக்கிறது. திருமுல்கேரியிலேயே 1943-இல் உருவான இராணுவ மின்னணு, எந்திரப் பொறியியல் பிரிவின் கல்லூரி இருக்கிறது. நாற்சந்திக்குத் தெற்கே ஒரு பகுதிக்குக் ‘கார்கானா’ என்றே பெயர். பட்டறை என்று பொருள்.

யார் திருப்பியது?

சொல்லின் பிறப்பைவிட அதன் இலக்கணத்தில்தான் பெரிய வேறுபாடு. ஆங்கிலத்தில் சக்கரம் தானே சுழன்றாலும் ‘டர்ன்’. அதை ஒருவர் சுழற்றினாலும் ‘டர்ன்’. வினையின் உருவம் மாறுவதில்லை. தமிழில் அப்படி முடியாது. வண்டி திரும்பியது, ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். இலை சுருண்டது, பாயைச் சுருட்டினான். கல் உருண்டது, கல்லை உருட்டினார்கள். காற்றாடி சுழன்றது, சாட்டையைச் சுழற்றினான். படகு கவிழ்ந்தது, படகைக் கவிழ்த்தார்கள். கால் மடங்கியது, காலை மடக்கினான்.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதுதான். திரும்பு–திருப்பு, மடங்கு–மடக்கு, முடங்கு–முடக்கு ஆகிய இணைகளில் மெல்லின மெய் வல்லின மெய்யாகிறது. தானே நடப்பது மென்மை, நடத்துவிப்பது வன்மை. ‘திரி’ என்ற வினையில் பகுதி மாறாமல் அதை அடுத்து வரும் மெய் மட்டும் மாறுகிறது: வீதியில் திரிந்தான், கயிறு திரித்தான். சுற்று என்ற ஒரு வினை மட்டும் ஆங்கிலத்தைப் போல நடக்கிறது: பம்பரம் சுற்றுகிறது, நூலைச் சுற்றுகிறாள். அதை விதிவிலக்காகக் கொள்ளலாம்.

நாற்சந்தியின் மற்ற மொழிகளும் இந்த விஷயத்தில் தமிழ்ப் பக்கம்தான். தெலுங்கில் தானே திரும்பினால் ‘திருகு’, திருப்பினால் ‘திப்பு’. உருதில் ‘கூம்னா’வுக்கு இணை ‘குமானா’. ‘முட்னா’வுக்கு இணை ‘மோட்னா’. தெலுங்கு வினைகளின் வேர்களை ஆராய்ந்து 1961-இல் நூல் எழுதிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி பல்லாண்டு பணியாற்றியது இதே நகரத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில்தான். அதே 1961-இல் பர்ரோவும் எமனோவும் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்கள். தமிழ்த் திரி, மலையாளத் திரி, கன்னடத் திருகு, தெலுங்குத் திருகு எல்லாம் ஒரே குடும்பம் என்பதை அந்த அகராதியில் ஒரே பதிவில் பார்க்கலாம்.

இது இலக்கண நுணுக்கம் மட்டுமா? விபத்துச் செய்தி ஒன்றை எழுதிப் பாருங்கள். ‘லாரி திடீரெனத் திரும்பியது’ என்று எழுதினால் குற்றம் லாரிமேல். ‘ஓட்டுநர் லாரியைத் திடீரெனத் திருப்பினார்’ என்றால் பொறுப்பு ஒரு மனிதர்மேல். ஆங்கில மூலத்தில் வாகனம் எழுவாயாக இருக்கும். வினை எந்தப் பக்கமும் சாயாது. மொழிபெயர்ப்பவர் ஒரு மெய்யெழுத்தைத் தேர்ந்தெடுக்கும் நொடியில் ஒரு தீர்ப்பும் எழுதிவிடுகிறார். ‘ம்’ போட்டால் விபத்து, ‘ப்’ போட்டால் செயல். நீதிமன்றச் செய்தியும் முதல் தகவல் அறிக்கையும் மொழிபெயர்ப்போர் இந்த ஓர் எழுத்தின் கனத்தை அறிந்து எழுத வேண்டும்.

எந்த அச்சில், எத்தனை தூரம்?

இந்தக் கண்டோன்மென்ட்டின் அணிவகுப்புத் திடல்களில் வெள்ளையர் காலத்தில் சிப்பாய்கள் ‘ரைட் டர்ன்’, ‘அபௌட் டர்ன்’ என்ற ஆங்கிலக் கட்டளைக்குத் திரும்பினார்கள். அவர்களில் சென்னைப் படையின் தமிழர்களும் தெலுங்கர்களும் நிறைய. விடுதலைக்குப் பின் கட்டளைகள் ‘தாஹினே முட்’, ‘பீச்சே முட்’ என்று இந்திக்கு மாறின. கட்டளையின் மொழிதான் மாறியது. காலின் கணக்கு அப்படியே இருக்கிறது. வலப்புறம் திரும்ப வலது குதிகாலும் இடது முன்பாதமும் தரையில் ஊன்றியிருக்க, உடல் 90 பாகை திரும்பும். பின்புறம் திரும்பவும் அதே குதிகால், அதே முன்பாதம்; 180 பாகை, வலப்புறமாகவே. பிறகு இடது கால் உயர்ந்து இறங்கி வலது காலோடு சேரும்.

இந்த இரண்டையும் தமிழ் ‘திரும்பு’ என்றே சொல்லும், ஏனென்றால் முகம் வேறு திசைக்குப் போயிருக்கிறது. அதே சிப்பாய் 360 பாகை போய்ப் பழைய திசைக்கே வந்தால் நாம் ‘திரும்பினான்’ என்று சொல்ல மாட்டோம். ‘ஒரு சுற்று சுற்றினான்’ என்போம். ஆங்கிலத்தில் எல்லாமே ‘டர்ன்’. பாகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் வினைக்குள்ளேயே பாகைக்கணக்கு இருக்கிறது.

அச்சுக்கணக்கும் இருக்கிறது. பூமி சுழல்கிறது, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறது. முதலாவது தன் அச்சில், ஒரு நாளில். இரண்டாவது வெளியே உள்ள ஒன்றை மையமாக்கி, ஓர் ஆண்டில். கோயிலில் நாம் சுவாமியைச் சுற்றுகிறோம், ஆடுபவர்தான் சுழல்கிறார். இதைப் பிரித்துச் சொல்ல ஆங்கிலம் ‘டர்ன்’ வினையை விட்டு, லத்தீனிலிருந்து ‘ரொட்டேட்’, ‘ரிவால்வ்’ என்ற இரு சொற்களைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தாய்ப்பாலோடு வந்தது.

கையின் கணக்கு இன்னும் நுட்பமானது. கழுத்தைத் திருப்பினான் என்றால் பார்த்தான்; கழுத்தைத் திருகினான் என்றால் கொன்றான். பிடித்து, அழுத்தி, அதே இடத்தில் சுற்றுவது திருகுதல்: குழாயைத் திருகுகிறோம், தோட்டின் திருகாணியைத் திருகுகிறோம். தோசையைத் திருப்பிப் போடுகிறோம். அதற்கென்றே தோசைத்திருப்பி இருக்கிறது. கறியைப் பிரட்டுகிறோம். அல்வாவைக் கிண்டுகிறோம். ஆட்டை மடக்குகிறோம், ஏரை மடக்குகிறோம். லாரி ஓட்டுநரோ ஸ்டீயரிங்கை ‘ஒடி’க்கச் சொல்கிறார், ‘ஃபுல்லா ஒடி’ என்றால் சக்கரம் அடுத்த எல்லை வரை போக வேண்டும். மரக்கிளையை ஒடிக்கும் கையசைவு இரும்பு வளையத்துக்கு வந்து சேர்ந்தது. அகராதியில் இந்தப் பொருளைத் தேடுபவர் ஏமாந்துபோகலாம். ஆனால் பார்க்கிங் இடங்களில் அது நாள்தோறும் ஒலிக்கிறது.

இந்த வினைகள் எல்லாம் ஒரே காட்சியில் கூடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தேரோட்டத்துக்குப் போக வேண்டும். நேர் வீதியில் தேர் ஓடுகிறது, சக்கரம் உருள்கிறது. வீதி முனைக்கு வந்ததும் இழுப்பவர்கள் நிற்கிறார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தடுத்து, மறுபக்கத்தை நகர்த்தி, அங்குலம் அங்குலமாகத் தேரைத் திருப்புகிறார்கள். நான்கு முனையும் திருப்பி, நான்கு வீதியும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்குத் தேர் வந்ததும் ஊர் சொல்லும் சொல் ‘நிலைக்கு வந்தது’. உருண்டது, திருப்பினார்கள், சுற்றியது, நிலைக்கு வந்தது. நான்கு நிலைக்கு நான்கு வினை.

மறுபடியும் என்ற பொருள் எங்கிருந்து வந்தது?

இந்த ஆய்வில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது ஒரு சிறு ஒற்றுமை. ‘இன்னொரு முறை’ என்பதற்குத் தமிழர் ‘திரும்ப’ என்கிறோம்: திரும்பச் சொல், திரும்பத் திரும்பக் கேட்டான். தெலுங்கர் ‘திரிகி’ என்கிறார், அது திருகு வினையிலிருந்து வந்தது. பேச்சில் இன்னும் மிகுதியாக ‘மள்ளீ’ என்கிறார், அது திரும்புதலைக் குறிக்கும் ‘மள்ளு’ வினையிலிருந்து வந்தது. உருதில் ‘ஃபிர்’, அது சுற்று, திரி என்ற பொருளுள்ள ‘ஃபிர்னா’விலிருந்து வந்தது. இரு வேறு மொழிக்குடும்பங்கள், ஒரே நாற்சந்தி, ஒரே சிந்தனை: மறுபடி நிகழ்வது என்றால் சுற்றி வந்து சேர்வது. ஆங்கிலத்தின் ‘அகெய்ன்’ இந்த வழியில் வரவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எதிரே’ என்ற பொருள் இருந்தது.

அலைதலும் இதே வினைகளில்தான் இருக்கிறது. வேலையில்லாமல் ‘திரிகிறான்’, ‘ஊர் சுற்றுகிறான்’ என்று நாம் கண்டிக்கும் இளைஞனைத் தெலுங்கு அம்மா ‘திருகுதுன்னாடு’ என்று கண்டிப்பார். உருது அம்மா ‘கூம்தா ஃபிர்தா’ என்பார். தமிழின் ‘திரும்பு’வுக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது: போனது வரும். ‘ஆபீஸிலிருந்து திரும்பினார்’ என்றால் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று பொருள். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வாக்குறுதியின் மிக உருக்கமான வடிவம் அடகுக் கடையில் இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்காக அடகு வைத்த சங்கிலியை மீட்பதை நம் வீட்டுப் பெண்கள் ‘நகையைத் திருப்பணும்’ என்று சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘டர்ன்’ வராது. ‘ரிடீம்’ என்பார்கள், விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது என்பது அதன் மூலப்பொருள். தெலுங்கில் ‘விடிபிஞ்சு’, சிறையிலிருந்து விடுவிப்பதைப் போல. தமிழில் மட்டும் அது திருப்புதல்: கழுத்தைவிட்டுப் போனதைக் கழுத்துக்கே கொண்டுவருதல். அரசுப் பொதுத்தேர்வுக்கு முன் நடக்கும் ‘திருப்புதல் தேர்வு’ என்ற பெயரிலும் இதே பொருள்தான். படித்ததை இன்னொரு முறை கையிலெடுப்பது.

ஒட்டிய சொல் மாற்றும் பொருள்

‘டர்ன்’ வினையைக் கற்பவர்களை மிகவும் சோதிப்பது அதனோடு ஒட்டும் குட்டிச் சொற்கள். ‘டர்ன் அப்’ என்றால் வந்து சேர். ‘டர்ன் டவுன்’ என்றால் மறு. ‘டர்ன் அவுட்’ என்றால் முடிவில் இன்னதெனத் தெரியவா. ‘டர்ன் இன்’ என்றால் ஒப்படை, அல்லது படுக்கப் போ. இவற்றில் ஒன்றுக்கும் ‘திரும்பு’ உதவாது. ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்காக 1958-இல் ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம். அத்தகைய நிறுவனங்கள் இருந்தும், பல வகுப்பறைகளில் இந்தக் கூட்டுவினைகள் பட்டியலாகத்தான் மனப்பாடம் ஆகின்றன.

பட்டியலைவிடச் சூழலைக் கற்பிப்பது எளிது, நினைவிலும் நிற்கும். ‘டர்ன் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’ ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். குழாயைத் திருகித் திறந்து, திருகி மூடிய கைதான் அந்தச் சொற்களைப் பெற்றது. இன்றைய மின்விளக்கில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் விளக்கை ‘ஏற்று’கிறோம், ‘அணை’க்கிறோம். எண்ணெயும் திரியும் போய் எத்தனையோ ஆண்டாகிவிட்டது. நம் சொல்லில் இன்னும் சுடர் எரிகிறது. ஆங்கிலச் சொல் குழாயை நினைவில் வைத்திருக்கிறது, தமிழ்ச் சொல் அகல்விளக்கை நினைவில் வைத்திருக்கிறது. இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் எந்த மாணவரும் ‘விளக்கைத் திருப்பு’ என்று எழுத மாட்டார்.

‘டர்ன்’ பெயர்ச்சொல்லாகும்போதும் இப்படித்தான். விளையாட்டில் ‘என் டர்ன்’ என்பது ‘என் முறை’. கம்பியின் ஒரு ‘டர்ன்’ என்பது ஒரு சுற்று. சாலையின் ‘டர்ன்’ என்பது வளைவு, முனை, முக்கு. வயதைச் சொல்லும் வினையிலும் அப்படியே: நாற்பது வயது ‘டர்ன்’ ஆனவர் தமிழில் நாற்பதை எட்டியவர்.

இரவலும் சொந்தமும்

புதிய கருத்துகளுக்காகத் தமிழ் இந்த வினைகளிலிருந்து சொல் ஆக்கியபோது சில இடங்களில் அருமையாக ஆக்கியிருக்கிறது. ‘டர்னோவர்’ என்ற வணிகச் சொல்லுக்குக் கணக்கியலார் ‘விற்றுமுதல்’ என்றார்கள். திரும்பலையும் கவிழ்தலையும் விட்டுவிட்டுப் பொருளை நேராகப் பிடித்த சொல் அது. ‘ரிவல்யூஷன்’ என்பதற்குப் ‘புரள்’ வினையிலிருந்து ‘புரட்சி’ பிறந்தது. அதே வினையிலிருந்து வந்த ‘புரட்டு’ பொய்யையும் குறிக்கும். மகள் கல்யாணத்துக்குப் ‘பணம் புரட்டும்’ தகப்பனின் பாட்டையும் குறிக்கும். ஒரே வேரிலிருந்து எத்தனை கிளை பிரியும் என்பதற்கு இது ஒன்றே போதும். ‘டர்னிங் பாயின்ட்’ வழியாக வந்த ‘திருப்புமுனை’யும் நன்றாக வேரூன்றிவிட்டது. தேர் திருப்பும் வீதிமுனையைப் பார்த்தவர்களுக்கு அது அயல்சொல்லாகவே தோன்றாது.

சரிவு ஏற்படுவது வேறிடத்தில். இன்றைய செய்தித் தமிழில் எல்லாமே ‘திருப்பம்’ ஆகிவிட்டது. வழக்கில் திருப்பம், கூட்டணியில் திருப்பம், ஆட்டத்தில் திருப்பம். சாட்சி பிறழ்ந்தாரா, புதுச் சான்று கிடைத்ததா, தலைவர் சொன்ன சொல்லை மாற்றினாரா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ‘திருப்பம்’ அதை மூடிவிடுகிறது. மேடைப்பேச்சு இதைவிடத் தெளிவாக இருக்கிறது. அங்கே ‘பல்டி அடித்தார்’ என்று ஆளைச் சுட்டிச் சொல்கிறார்கள். தெலுங்கிலும் ‘பல்டீ கொட்டு’ என்ற இதே தொடர் உண்டு. தலைகீழாகப் புரள்வதைச் சொல்லும் உருதுப் ‘பலட்னா’வோடு உறவுள்ள சொல் அது. ‘யூ டர்ன் அடித்தார்’ என்பதும் அதே அச்சில் வார்த்தது. இரவல் சொல்தான் என்றாலும் ‘அடித்தார்’ என்ற வினை சேர்ந்ததால் செய்தவர் யார் என்பது மறையவில்லை. இரவல் வாங்குவதால் மொழி கெடுவதில்லை. செய்தவரை மறைக்கும்போதுதான் கெடுகிறது.

அகராதிகள் இதில் உதவ முடியும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960-களில் வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்லும் முறையை நிலைநாட்டியது. இனி வரும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளும் அந்த முறையைப் பின்பற்ற வேண்டும். ‘டர்ன்’ என்ற தலைச்சொல்லின் கீழ் திரும்பு, சுற்று, சுழல், மாறு என்று காற்புள்ளியிட்டு அடுக்குவதால் பயனில்லை. பாலுக்குத் திரி, பக்கத்துக்குப் புரட்டு, குழாய்க்குத் திருகு, நகைக்குத் திருப்பு, தேருக்குத் திருப்பு, பூமிக்குச் சுழல், ஸ்டீயரிங்குக்கு ஒடி என்று பொருளோடு சேர்த்துத் தர வேண்டும். பட்டறைக்காரர், ஓட்டுநர், சமையல்காரர் ஆகியோரின் வாயிலிருந்து அந்த வினைகளைக் கேட்டு எழுத வேண்டும். அவர்கள்தான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்களிடமும் ஆசிரியர்களிடமும் செய்தியாளர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். ‘டர்ன்’ வரும் இடத்தில் பேனாவைச் சற்று நிறுத்தி நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அசைந்தது எது? எதைச் சுற்றி? அசைத்தவர் யார்? புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்ததா? விடை தெரிந்தால் வினை தானே வந்து நிற்கும். திருமுல்கேரியில் மகனிடம் ‘திருப்பச் சொல்லு’ என்ற அந்தத் தாய்க்கு எந்த இலக்கண நூலும் தேவைப்படவில்லை. ஆட்டோ தானே திரும்பாது, ஓட்டுநர்தான் திருப்ப வேண்டும் என்பது அவர் வினைச்சொல்லிலேயே இருந்தது.